நாற்பத்தேழாம் மரத்தின் பால்

மாசி 5, செவ்வாய்

காலையில் பனி. முழங்கால் வலி, ஆனாலும் வெளியே கிளம்பியாக வேண்டும். போடிமெட்டு ஜீப்பில் முன் இருக்கை. ஓட்டுநர் ராசு சர்க்கரைக்கு மாத்திரை எழுதித் தரச் சொன்னான். நான் மரங்களுக்கு டாக்டர் என்று எத்தனை முறைதான் சொல்வது. "மரத்துக்குச் சுகர் வராதாம்மா?" என்றான்.

சரிவுத் தோட்டம். அமேசான் காட்டு விதையில் வளர்ந்த ரப்பர் மரங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை; அதுவே அவற்றின் மதிப்பு. புது ரகம் உருவாக்க எவை உதவும் என்று வெள்ளிக்குள் பட்டியல் தர வேண்டும். மற்றவற்றை வெட்டிவிட்டுக் காபி வைப்பார் முதலாளி.

47ஆம் மரம்: போன மாதம் பால் பிடிக்கும் சிரட்டை நனையவே இல்லை. இன்று நிறைந்திருந்தது. முதலாளிக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன்.

மாசி 6, புதன்

வாங்க: கண்ணாடிக்குத் திருகாணி, ரஸ்க், வெள்ளை பெயின்ட்.

47இன் சிரட்டை மறுபடியும் நிறைவு. சந்தேகம். பட்டையைப் பார்த்தேன். வெட்டுக்கோடு காய்ந்து கிடந்தது, பால் வழிந்த தடமே இல்லை. நேற்றே பார்த்திருக்க வேண்டும்.

பால்வெட்டும் பேச்சியைக் கேட்டேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பக்கத்து நாலு மரத்துப் பால்ல கொஞ்சங்கொஞ்சம் ஊத்துனேம்மா. பால் இல்லாததை வெட்டிருவாகன்னு நீங்கதான சொன்னீங்க."

ஐந்து மரங்களின் அளவுகள் பாழ். நன்றாகத் திட்டினேன். அவளும் விடவில்லை.

"மத்ததெல்லாம் மொட்டையா நிக்குது. மாசி வெயிலுக்கு இது ஒண்ணுதான் நெழலு. வருசா வருசம் இதுக்கடியிலதான் சோறு திங்கிறோம். இதையும் வெட்டிட்டா உங்க தலையிலயா உக்காருறது?"

வருசா வருசமா? திட்டுவதை நிறுத்தினேன்.

மாசி 7, வியாழன்

பால்வெட்டும் மற்ற இரண்டு பெண்களைத் தனித்தனியே விசாரித்தேன், வருசா வருசம் 47 மட்டும் இலையோடு நிற்குமா என்று. அதே பதில்.

இன்று இலைச் சோதனை. சுற்றியுள்ள மரங்களின் துளிரில் சாம்பல் நோய், சுருண்டு உதிர்கிறது. 47இன் இலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. இத்தனை காலம் நான் குனிந்து சிரட்டையைப் பார்த்திருக்கிறேன். பேச்சி சோறு தின்றபடி அண்ணாந்து பார்த்திருக்கிறாள்.

உறுதி செய்ய: மொட்டு எடுத்து ஒட்டுக்கன்று, கன்றுகளுக்கு நோயை வலியத் தொற்றவைத்துப் பார்த்தல்.

ரஸ்க் மறந்துவிட்டது.

மாசி 8, வெள்ளி

முதலாளிக்குப் போன். 47இல் பால் இல்லை, பட்டையைப் பார்க்காமல் பேசியது என் தவறு என்றேன். பேச்சியின் பெயரை எடுக்கவில்லை.

"அப்ப வெட்டிரலாம்ல?"

நோய் தாங்கும் மரம், நல்ல பால் மரத்தோடு கலந்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் வாய்க்கலாம் என்று விளக்கினேன். அசையவில்லை. சுற்றிலும் காபி வைப்பதாகச் சொன்னார்.

"வையுங்கள். காபிக்கும் நிழல் வேண்டுமே" என்றேன்.

இறங்கி வந்தார். "சரி, அது ஒண்ணு நிக்கட்டும்."

மரத்தில் பெயின்டால் வட்டம் போட்டேன். என் புடவையிலும் பெயின்ட். பேச்சி சிரித்தாள்; நாளையும் திட்டுவேன் என்றேன்.

பட்டியலில் எழுதியது: 47. பால் இல்லை. இலை சுத்தம். பயன்: தாய் மரம், மதியச் சோறு.

கடைசி இரண்டு சொற்களை அடித்தேன். பிறகு மீண்டும் எழுதினேன். உண்மைத் தகவல்தானே.