கறுப்பியின் பொடுகும் கலகெதர மீனும்

தர்மினிக்கு,

நேற்று நம் பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். கறுப்பியின் முதுகிலிருந்து உதிர்வது பொடுகுதானாம். நான் நாலு மாதமாகத் தேய்த்த தேங்காயெண்ணெயால் பயனில்லையாம். "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று கேட்டார். தயிர்ச்சோறும் பருப்பும் என்று நிமிர்ந்துதான் சொன்னேன். "ஐயா, பூனைக்குச் சைவம் சரிவராது. மீன் இல்லாமத்தான் தோல் காய்ஞ்சு உதிருது" என்றார்.

போன மாதம் நீ சொன்னதும் இதைத்தான். "உன் ஹுன்னஸ்கிரிய ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே" என்று நான் பேசியிருக்கக் கூடாது.

என் அப்பா காலம் முதல் இந்த வீட்டுக்குள் மீன் வந்ததில்லை. பூனை வெளியே தின்றுவிட்டு உள்ளே வந்தால் அந்த மீன் வந்ததா, வராததா? எனக்கு விளங்கவில்லை. பின்புறம் பலாமரத்தடியில் மூன்று கல் வைத்திருக்கிறேன். பழைய அலுமினியச் சட்டியில் மீனை உப்புப் போடாமல் அவிக்க வேண்டுமாம். சாமியறையைச் சாத்திவை.

நான் மீன் வாங்கக் கலகெதரவுக்குப் பஸ் ஏறுகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கோயில் சபைச் செயலாளர் வந்தால், மூட்டுவலித் தைலம் வாங்கப் போனதாகச் சொல்.

மாமா

சோறு மூடியிருக்கிறது. அலுமாரிச் சாவி என்னிடம்.

இன்னொன்று. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடமும் நீ எனக்காக மீனைத் தொடவில்லை. பூனைக்கு வாங்கிவிட்டு உனக்கு வாங்காமல் எப்படி வருவது? உனக்கு எந்த மீன் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. பஸ் போய்ச் சேருமுன் போன் பண்ணிச் சொல்.