தொட்டியில் ஊறிய மாவுக்கட்டு

டேய் பெரியவனே, எப்படிடா இருக்கே, கால் தூங்க விடுதா. இங்க எங்களுக்கு ஒரு குறையுமில்ல. நான் சொல்லச் சொல்ல எழுதுறது உன் தங்கச்சி, கோழிக் கிறுக்கலுக்கு நான் பொறுப்பில்ல. உங்கம்மா கடைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள சொல்லிரணும். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, அதுல ஒண்ணு அப்படியே நீதான், நிக்கத் தெரியுமுன்ன ஓடப் பாத்து நாலு தடவ மூக்கு குத்தி விழுந்திருச்சு.

எதுக்குச் சொல்றேன்னா, உன் ரூம்ல இருக்கானே வெல்டர், அவன் போன் பண்ணினான். நீ சாரத்துலேருந்து விழுந்து, தொடை எலும்புல கம்பி வச்சு ஆறு வாரம்கூட ஆகல. மூணு மாசம் கால ஊனாதேன்னு டாக்டர் சொல்லியும் நீ கதவச் சாத்திக்கிட்டு செவத்தப் புடிச்சு நடக்குறியாமே. ஒண்ணாந்தேதி வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு மேஸ்திரி சொன்னாராம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா. பொறுமையா இருன்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க, கூரையில எத்தனை ஓடுன்னு படுத்துக் கெடக்குறவனுக்குத்தான் தெரியும். நம்ம வீட்ல முன்னூத்திப் பதினாலு.

டாக்டர் சீக்கிரமே கட்டப் பிரிச்சதால என் கால் கட்டையாப் போச்சுன்னுதானே நெனச்சிருக்கே. அது பொய்டா. நீ அப்ப கைக்குழந்தை. மரவாடியில மரத்தடி உருண்டு கால் ஒடஞ்சு, மாவுக்கட்டுப் போட்டு முப்பத்தஞ்சாம் நாள், முதலாளி வாசல்ல நின்னு, என்னப்பா புது மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கே, திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆளு இருக்குன்னாரு. எனக்கு ரோசம். உங்கம்மா உனக்கு ஊசி போடத் தூக்கிட்டுப் போன நேரம், மாட்டுத் தொட்டியில கால விட்டு ஊறவச்சு, அருவாளால கட்டக் கிழிச்சுட்டேன். கேட்டவளுக்கு, டாக்டரே பிரிச்சு வேலைக்குப் போகச் சொன்னாருன்னுட்டேன். செவ்வாக்கிழமை தோள்ல கட்டையோட திரும்புறேன், காலுக்குள்ள சுள்ளி முறியுற மாதிரி சத்தம். அந்த வாரமே முதலாளி வேற ஆளப் போட்டுட்டாரு. டாக்டர் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு வீட்லயே கெடந்தேன், எலும்பு கோணலாக் கூடிருச்சு. ஒரு தடவ சந்தையில அவரு என் காலப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. நாலு வார்த்த திட்டியிருந்தா ஆறியிருக்கும்.

எழுதுடி, ஏன் நிறுத்திட்டே. அதுக்கப்புறம் நீ சாரம் ஏறுற வரைக்கும் பதினெட்டு வருஷம் செங்கல் சொமந்தது உங்கம்மாடா, நான் இல்ல. இன்னைக்கும் மழை வந்தா எனக்கு உப்பு வறுத்து ஒத்தடம் குடுப்பா, அந்த டாக்டர் வெளங்குவானான்னு திட்டிக்கிட்டே. நானும் ஆமா ஆமான்னு காலக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். உப்பு சுடுறதவிட அது சுடும்.

மேஸ்திரிக்கு நூறு பேர் கெடைப்பாங்க, போகட்டும் விடு. ஊன்றதுன்னா டாக்டர் சொன்ன அன்னைக்கு ஊனு. நூறு வயசு வரைக்கும் ரெண்டு காலும் சமமா இருக்கணும் உனக்கு.

இப்படிக்கு, தன் காலத் தானே கெடுத்துக்கிட்ட உன் அப்பன்.

இன்னொண்ணு, உங்கம்மாவுக்கு இது தெரியாது, நீ போன்ல வாய விட்டுராத. அந்தா வந்துட்டா. மேகம் கறுத்திருக்கு, உப்பு வறுக்கவா, உள்ள வாங்கன்னு கூப்பிடுறா. இரு, இன்னைக்கு அவ டாக்டரைத் திட்ட ஆரம்பிக்கும்போது நானே அவகிட்ட சொல்லிர்றேன்.