இசபெல் மிஸ்ஸி கட்டிய பட்டையை இசபெல் மிஸ்ஸியே வந்து அவிழ்க்க வேண்டி

அனுப்புநர்:
பஞ்சாலை க/பெ சத்தியசீலன்,
மூன்றாவது லயம், புக்கிட் நங்கா தோட்டம்,
ரந்தாவ் வட்டாரம், நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: கோவிட் நோயாளி என்று என் கணவர் கையில் கட்டிய இளஞ்சிவப்புப் பட்டை ஏழு மாதமாகியும் அவிழ்க்கப்படாமல் இருப்பதும், அதனால் அவருடைய கால் கெட்டுக்கொண்டிருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட பொருளைப் படித்ததும், "இதென்ன கூத்து, இவர்கள் வீட்டில் கத்தரிக்கோல் இல்லையா?" என்று தாங்கள் நினைப்பீர்கள். இருக்கிறது, ஐயா. நல்ல கூர்மையாகவே இருக்கிறது. விஷயம் அதுவல்ல என்பதால் கடைசிவரை பொறுமையாகப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதியிருக்கிறேன். மலாய் மொழிபெயர்ப்பைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை குமுதவல்லி எழுதி இணைத்திருக்கிறார். அதிகாரிக்குப் போகும் கடிதத்தில் இதெல்லாம் வரக்கூடாது என்று சில இடங்களை அவர் விட்டுவிட்டார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் தயவுசெய்து தமிழையே நம்பவும்.

2. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நன்றி சொல்ல மனம் லேசாக இருக்கும். கடந்த ஆண்டு ஆகஸ்டில் எனக்கும் என் கணவர் சத்தியசீலனுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் கண்டது. எதிலும் என்னோடு போட்டிக்கு நிற்கும் மனுஷன், காய்ச்சலிலும் விட்டுக்கொடுக்கவில்லை. முச்சந்தியில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போன் அடித்தோம். யாரும் எடுக்கவில்லை, பாட்டு மட்டும் ஓடியது. அந்தப் பாட்டு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். நேரில் போனோம். கைப்பேசிச் செயலியில் பதியாமல் ஏன் வந்தீர்கள் என்று முகப்பிடத்தில் இருந்த தம்பி கடிந்துகொண்டார். என் கைப்பேசியில் பேசத்தான் முடியும், செம்பனைக்காட்டுப் பக்கம் போனால் அதுவும் முடியாது என்று விளக்கினேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கூடாரத்தில் உட்காரவைத்தார்கள். கூடாரத்துக்கு நிழல் இருந்தது, ஆனால் அது எங்கள் நாற்காலிமேல் விழவில்லை.

3. இனி நன்றி. அந்தக் கூடாரத்துக்குத்தான் கிளினிக் தாதி இசபெல் மிஸ்ஸி வந்தார். தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் உடுப்பு, கண் மட்டும்தான் தெரிந்தது. "அம்மா", "அப்பா" என்று தமிழில் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நாற்காலியை அவரே இழுத்து நிழலில் போட்டார். மூச்சு முட்டினால் இந்த எண்ணுக்கு அடியுங்கள், இதை எடுப்பார்கள் என்று ஓர் எண்ணையும் கொடுத்தார். மறுநாளே எனக்கு மூச்சு முட்டியது. அடித்தோம், எடுத்தார்கள். பழக்குலை லாரி உழுதுபோட்ட சேற்றில் ஆம்புலன்ஸ் எங்கள் லயத்து வீட்டு வாசல்வரை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஆக்சிஜன் வைத்து, குப்புறப் படுக்கவைத்து, ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்டார்கள். என் பெயரை அங்கே யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் என்னைப் பிழைக்கவைக்கத் தெரிந்திருந்தது. அந்த டாக்டர்களும் மிஸ்ஸிகளும் நன்றாக இருக்க வேண்டும்.

4. இப்போது பட்டைக்கு வருகிறேன். கிளினிக் கூடாரத்தில் இசபெல் மிஸ்ஸி என் கணவரின் பெயரைக் கேட்டு, வலது கையை நீட்டச் சொல்லி, அந்த இளஞ்சிவப்புப் பட்டையைக் கட்டினார். கட்டும்போது அவர் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "அப்பா, இத நான் கட்டுறேன், நானே வந்துதான் எடுப்பேன். நீங்களா கத்தரி வெச்சிறாதீங்க. அதுவரைக்கும் வீட்டுல இருங்க, எல்லை தாண்டாதீங்க, யாரையும் தொடாதீங்க, தனியாப் பாய் போட்டுப் படுங்க." நோய் பரவாமலிருக்க ஒரு நல்ல மிஸ்ஸி சொல்ல வேண்டியதைத்தான் அவர் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை.

5. ஆனால் ஐயா, அவர் யாரிடம் அப்படிச் சொன்னார் என்பதுதான் பிரச்சினை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறியதும், வேண்டுதல் உள்ளவர்களுக்குப் பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. கவிச்சி தொடக்கூடாது. தரையில் பாய் போட்டுத் தனியாகப் படுக்க வேண்டும். காப்பைக் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். இடையில் அறுந்தாலும் அறுத்தாலும் வேண்டியது பலிக்காது என்பது நம்பிக்கை. என் கணவர் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து ஆண்டு தவறாமல் காப்புக் கட்டி வருபவர். கோவிட்டால் அந்த ஆண்டு திருவிழா நின்றுபோனது. வெறும் கையைப் பார்த்துப் பார்த்து மனம் வாடிக் கிடந்தார். அப்படிப்பட்டவரின் வலது கையைப் பிடித்து, ஒரு பெண் வந்து, நான் கட்டுகிறேன், நானே அவிழ்ப்பேன், எல்லை தாண்டாதே என்று சொன்னால் அவர் வேறு எதை நினைப்பார்?

6. தனித்திருக்கும் கெடு முடிந்த பத்தாம் நாள் யாரும் வரவில்லை. குணமாகிவிட்டது என்று கைப்பேசிக்குச் செய்தி மட்டும் வந்தது. இசபெல் மிஸ்ஸி அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். ஜெலுபு என்கிறார்கள் சிலர், பகாங் பக்கம் என்கிறார்கள் சிலர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன், மனுஷன் விரதத்தில் இருக்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை கோழி இல்லை, மீன் இல்லை, கருவாட்டு வாசம்கூட ஆகாது. தேத்தண்ணீரை நான் கீழே வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுக்கிறார். அவர் எங்கள் தோட்டத்து வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்க்கிறார். வருகிற லாரிக்கெல்லாம் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறார், ஆனால் கட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் அடி வைப்பதில்லை. பட்டை நைந்துபோனதும் ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் மஞ்சளும் பூசிவிட்டார். பொருளில் இளஞ்சிவப்பு என்று எழுதியது ஒரு மரியாதைக்காகத்தான். இப்போது அது என்ன நிறம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

7. நான் சும்மா இருந்துவிட்டு அரசாங்கத்தைத் தொந்தரவு செய்கிறேன் என்று தாங்கள் எண்ணக்கூடாது. என் முயற்சிகள் வருமாறு:

(அ) மதியம் அவர் கண்ணயர்ந்தபோது நகவெட்டியோடு கிட்டே போனேன். எழுபது மரம் தள்ளி ஆடு மேய்ந்தாலும் எழுந்துகொள்கிற ஜாகா அவர். இப்போதெல்லாம் அந்தக் கையைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டுதான் தூங்குகிறார்.

(ஆ) பட்டையை நோயாளியே வெட்டிக்கொள்ளலாம் என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியின் கைப்பேசியில் படம்பிடித்து வந்து காட்டினேன். முழுக்கப் படித்தார். "இதுல இசபெல் மிஸ்ஸி கையெழுத்து எங்கலா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

(இ) கோயில் பூசாரி புனிதனைக் கூட்டி வந்தேன். அவர் பட்டையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "நான் கட்டுனதா இருந்தா இந்நேரம் அவுத்திருப்பேன்லா, அக்கா. அந்த மிஸ்ஸி சர்ச்சுக்குப் போற பொண்ணு. என்னா வேண்டிக் கட்டுச்சின்னு எனக்கு என்னா தெரியும்?" என்றார். வந்தவர் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனதுதான் மிச்சம்.

(ஈ) கிளினிக்கில் போய்ச் சொன்னேன். ஆளைக் கூட்டி வாருங்கள், எந்த மிஸ்ஸியாவது வெட்டிவிடுவார் என்றார்கள். ஆள் வர வேண்டுமானால் பட்டை அவிழ வேண்டும், பட்டை அவிழ வேண்டுமானால் ஆள் வர வேண்டும் என்று நான் சொன்னது முகப்பிடத்தில் எடுபடவில்லை. ஊழியரின் கைப்பேசி எண்ணைக் கொடுக்க முடியாது என்றார்கள், அது சரிதான். முன்பு கொடுத்த அந்த அவசர எண்ணும் இப்போது வேலை செய்யவில்லை. நல்ல மனசுள்ள ஒரு சின்ன மிஸ்ஸி மட்டும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்களுக்காகத் தோட்டத்துக்கு வந்தார். வாசலில் என் கணவர் அவருடைய காய்ச்சலை அளந்து பார்த்துவிட்டு, "நீங்க கட்டலையேம்மா" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

8. இதுவரை படித்ததில் தாங்கள் சிரித்திருந்தால் குற்றமில்லை, நாங்களும் சிரித்தோம். இனிமேல் சிரிப்பதற்கில்லை. என் கணவருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உண்டு. டிசம்பரில் செம்பனை முள் வலது கால் பெருவிரலில் குத்தியது. புண் ஆறவில்லை. தடுப்பூசி போடத் தோட்டத்து மண்டபத்துக்கு வந்த குழுவில் ஒரு டாக்டரம்மா அதைப் பார்த்து முகம் மாறிப்போனார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி எல்லைக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் இவர் வாசல்வரை வந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விரல் இப்போது கறுத்துவிட்டது. மூன்றாவதாகக் கொடுத்திருக்கும் இம்மாதம் 29-ஆம் தேதியும் தவறினால் விரலோடு போகாது, பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று மறுபடி மண்டபத்துக்கு வந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

9. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன். கையைக் கொடு அல்லது என்னைக் குத்து என்று கத்தினேன். லயமே வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது, அந்தப் பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இவளைத் திருப்பிக் கொடு, இதை முறைப்படி காப்பேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். "நீ வந்துட்ட. இத முறை தவறி அறுத்தா ஒனக்கு ஏதாச்சும் ஆயிரும். காலு போனா போவட்டும்லா" என்றார். ஆக்சிஜன் கொடுத்தது ஆஸ்பத்திரிதானே என்று கேட்டேன். "அவங்க குடுத்தாங்க, யாரு இல்லேன்னு சொன்னா?" என்றார். என்னோடு குடித்தனம் செய்த இத்தனை ஆண்டில் ஒரு பூ வாங்கிக் கொடுத்து அறியாதவர், எனக்காக ஒரு காலையே கொடுக்கத் தயாராக நிற்கிறார். கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ப் புஷ்பவள்ளியிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன்.

10. ஆகவே தங்களை மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது:

(அ) இசபெல் மிஸ்ஸி எங்கே இருந்தாலும், 29-ஆம் தேதிக்கு முன் ஒரு காலைப்பொழுது அவரை எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிவைக்கவும். அவருடைய முகத்தை நாங்கள் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. கண்ணையும் குரலையும் வைத்துத்தான் என் கணவர் அடையாளம் காண்பார். முடிந்தால் அந்தப் பிளாஸ்டிக் உடுப்போடு வரட்டும். வெயிலுக்குச் சிரமம்தான், அவரை நிழலில் உட்காரவைப்பது என் பொறுப்பு.

(ஆ) அவர் எந்தச் சாமியை நினைத்து அவிழ்த்தாலும் எங்களுக்குச் சம்மதம். "நான் கட்டினேன், நான் அவிழ்த்துவிட்டேன், வேண்டியது பலித்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூசாரி புனிதனும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

(இ) இனிமேல் தோட்டத்து ஆட்களின் கையில் எதைக் கட்டினாலும், கட்டுகிறவர் மாற்றலாகிப் போனால் யார் அவிழ்ப்பார் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டுக் கட்டுமாறு எல்லாக் கிளினிக்குகளுக்கும் தெரிவிக்கவும்.

11. இப்படியெல்லாம் ஆள் அனுப்ப விதியில் இடமில்லை என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். அவர்களிடம் தாங்கள் இதைச் சொல்லவும். அரசாங்கம் ஆம்புலன்ஸ் அனுப்பி, ஆக்சிஜன் வைத்து, இந்தப் பஞ்சாலையை உயிரோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் திரும்பி வந்தது இந்த மனுஷனோடு இன்னும் கொஞ்ச காலம் சண்டை போட்டுக்கொண்டு வாழ்வதற்குத்தான். சண்டையில் நான் ஜெயித்ததும் கோபித்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போக அவருக்கு இரண்டு காலும் வேண்டும், ஐயா.

தங்கள் பதிலுக்காகத் தோட்டத்து வாசலில் ஒருவரும் லயத்து வாசலில் ஒருத்தியும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,

(பஞ்சாலை)
பஞ்சாலை க/பெ சத்தியசீலன்

இடம்: புக்கிட் நங்கா தோட்டம்
தேதி: 14.3.2022