சாகாத முள்ளெலி

லண்டன், 12-1-1967

மாரிகுப்பத்தில் இருக்கும் மாமாவுக்கு, உங்கள் மனைவி அமிர்தவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நீங்கள் சிரிப்பதற்காக ஒன்று சொல்கிறேன். நான் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறையில், குளிர்பெட்டிக்குள் முள்ளெலிகளை வைத்திருக்கிறார்கள். நேற்று ஒன்று கல்லாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. மூச்சே இல்லை. நம் மைன்ஸில், சுரங்கத்தில் செத்தவர்களுக்குச் செய்வதுபோல முகத்தைத் துணியால் மூடி, புதைக்கக் கொண்டுபோனேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஓடிவந்து தடுத்து, ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். ஒரு துடிப்பு. பத்து எண்ணிய பிறகு இன்னொன்று!

"அய்யோ, இன்னா இது, உயிரு கீது!" என்று கத்திவிட்டேன்.

குளிர்காலம் முழுக்க முள்ளெலி தூங்குமாம்; அப்போது அதன் மூளையே உடம்புச் சூட்டையும் இதயத் துடிப்பையும் தணித்து வைக்குமாம். அந்த வித்தை வசப்பட்டால், நோயாளியை அப்படித் தூங்கவைத்து நிதானமாக இதய ஆபரேஷன் செய்யலாமாம். மனித மூளைக்கு அது தெரியாது என்றும் சொன்னார்.

பாப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மனிதருக்கு அந்தத் தூக்கம் வராது என்றாலும் மாமா, சுரங்கத்திலிருந்து கேஜ் கூண்டில் யாரைச் சில்லிட்டுக் கொண்டுவந்தாலும், நெஞ்சில் காது வைத்து நூறு எண்ணாமல் முகத்தை மூடக்கூடாது. உங்கள் ஷிப்ட் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். உங்களுக்காகத்தான் கேட்கிறேன்.

அமிர்தம்