ஜாடிச் செடியின் கீழ் இலை

மார்ச் 2

என் அருமைப் பாப்பாவுக்கு,

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் கொஞ்சம் போய்விட்டது. நீ படிக்கக் கிளம்பும்போது நம் சலூன் ஜன்னலில் வைத்துவிட்டுப் போன ஆராய்ச்சித் தக்காளிச்செடி ஜாடிகளுக்கு ஊற்ற, சத்துத்தண்ணீர் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன். தலைக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலும் அதே நீலம். கணக்கு வாத்தியார் உச்சந்தலையில் தாராளமாக அடித்துவிட்டேன். உண்மையைச் சொல்லித் துண்டை எடுத்தால், "துடைக்காதேய்யா. மண்ணே இல்லாம செடி வளருதுங்கிற, என் தலையிலயும்தான் ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு தடவை அடி" என்கிறார். கடையே சிரித்தது.

ஒரு ஜாடிக்கு எல்லாச் சத்தும், மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்து மட்டும் கிடையாது என்றால், "பச்சைச் செடியப் பட்டினி போடறதுக்கா உன் பொண்ணு அவ்வளவு தூரம் போச்சு?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். எட்டாவதோடு நின்றவனுக்குத் தெரிந்த மாதிரி! வேருக்குக் காற்று ஊதுகிற மீன்தொட்டி மோட்டார் நாள் முழுக்க முனகுகிறது. வருகிறவர்கள் மீனைத் தேடுகிறார்கள். கடையைப் பூட்டும் நேரத்தில் பேச்சுத்துணைக்கு அது ஒன்றுதான், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

மெக்னீசியம் இல்லாத ஜாடிகூட பார்க்க லட்சணமாக இருக்கிறது. படம் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பா,

படத்தைப் பார்த்து எங்கள் மேடம் அசந்துவிட்டார். இங்கே ஜன்னல் இல்லாத அறையில், விளக்கையே சூரியன் என்று நம்பி வளரும் என் செடிகள் மெக்னீசியம் இல்லாமல் மஞ்சளாகிவிட்டன. ஜன்னல் வெயிலில் உங்களுடையது மட்டும் எப்படிப் பச்சை? அப்புறம் உற்றுப் பார்த்தேன். அடித்தண்டில் வரிசையாகக் கத்தரி பட்ட தழும்பு. அப்பா! மஞ்சள் இலையையெல்லாம் வெட்டிட்டீங்களா?

இந்தச் சத்து கிடைக்காதபோது செடி என்ன செய்யும் தெரியுமா? கீழ் இலையில் இருப்பதை உருவி மேலே வரும் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். எனக்கு வேண்டியதே அந்த இலைதான். அதை வெட்டிவிட்டால் செடிக்கு ஒரு குறையும் இல்லாத மாதிரி தெரியும்.

இன்னொரு விஷயம். மேடம் என்னை ஆராய்ச்சிக்காக இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார். மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும். அம்மாவும் இல்லாத வீட்டில் எப்படி இருக்கீங்கன்னு எப்போ கேட்டாலும் "எனக்கென்ன"ன்னு போனை வெச்சுடறீங்க. முப்பதாம் தேதி கூப்பிடுவேன். வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவேன். சும்மா கேட்கலை. எதையும் வெட்டாம சொல்லுங்க.

உங்கள் பாப்பா


ஏப்ரல் 2

என் அருமைப் பாப்பாவுக்கு,

முதலில் அந்த இலை விவகாரம். கத்தரி பிடித்துப் பழகிய கை, எதிரே ஒன்று தாறுமாறாக நின்றால் சும்மா இருக்காது. உன் ஆராய்ச்சிக்கும் கிராப் வெட்டிவிட்டேன். மேடத்திடம், அப்பன் தொழில் இதுதான் என்று சொல்லி மன்னிப்புக் கேள். இப்போது மறுபடி கீழ் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பக்கத்தில் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வாத்தியார் "என்னய்யா, கோயிலச் சுத்துற மாதிரி சுத்துற?" என்கிறார்.

நீ முப்பதாம் தேதி கூப்பிட்டபோது அவருக்குத்தான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "கையெழுத்தப் போடு பாப்பா, இங்க கூட்டம் தாங்கல, அப்புறம் பேசறேன்" என்றேன் அல்லவா? அது பொய்யில்லை. எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டிய கடை. நானும் அவரும் எண்ணி முடியாத அளவுக்கு இருந்தோம்.

போனை வைத்ததும், "ஏன்யா, கடையில ஈ ஓட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். "பேசாதீங்க சார், கத்தி பட்டுடும்" என்றேன். 

மறுநாளே கையெழுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டாய். ரொம்ப சந்தோஷம். கேட்கிறவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை என்கிறாயே, தினமும் கொஞ்சம் வெளியே போய் நில். நீயும் விளக்கைச் சூரியன் என்று நம்பிவிடாதே.

ஜாடியிலிருந்து தானாக உதிர்ந்த கீழ் இலை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். கத்தரி படவில்லை.

உன் அப்பா

பி.கு.: வெட்டாமல் சொல்லச் சொன்னாய். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி எழுதினால் உனக்குக் கெடுதல் இல்லை. போனில் நான் பதில் சொல்வதற்கு முன்னால் சத்தமே வராததால், "லைன் கட்டாயிடுச்சாப்பா?" என்று கேட்டாயே, கட்டாகவில்லை. அப்போது வாய்வரை வந்து நான் வெட்டிவிட்ட வார்த்தை இதுதான்: வந்துடு பாப்பா.