எல்லாப் பாட்டுக்கும் நாலு நாலு

என் அருமைத் தோழிக்கு,

இன்று காலை படப்பையிலிருந்து தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கிறது, அவள் பாட்டுக்கு விரல் விரலாகப் பூசிக்கொண்டு வருகிறாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மோந்தேன். பிரதி எடுக்கத் தட்டச்சு செய்யும் ஸ்டென்சில் தாளில் தப்பாகத் தட்டிவிட்டால் மேலே தடவுவோமே, அந்தச் சிவப்புத் திரவத்துக்கும் இதே வாசனைதான். நினைப்பு எங்கேயோ போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் துணிச்சல் இல்லை. இன்றைக்கும் துணிச்சல் வந்துவிடவில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? நமக்கு இருபத்திரண்டு வயது. நம் சபையின் பின்னறையில் ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது. நான் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். நீ தையல் தைத்துக்கொண்டிருந்தாய், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசிப்பாய். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு நீ சொந்தமாக ஆறு பாட்டு கட்டியிருந்தாய். அவற்றைப் பாடகர் குழுவுக்குப் பிரதி எடுத்துத் தர ஸ்டென்சிலில் தட்டும் வேலை எனக்கு.

உன் பாட்டுகளுக்கு ஐந்து கோடு போட்ட மேல்நாட்டு இசைத்தாள் கிடையாது. அதைப் படிக்க நம் சபையில் ஆள் ஏது? பாட்டு வரிக்கு மேலே ச ரி க ம என்று எழுதுவாய். தலையில் மட்டும், போர்டிங் பள்ளியில் கற்றுக்கொண்டபடி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எண் வைப்பாய். மேலே இருப்பது எத்தனை தட்டுக்கு ஒரு கட்டம் என்பது. கீழே இருப்பது அந்தத் தட்டு என்ன அளவு என்பது. எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தனியாகக் குறிக்கவே மாட்டாய். கேட்டால், "தல நெம்பர் தெரிஞ்சா கால் தன்னால நடக்கும்" என்பாய்.

நான் முதல் பாட்டின் தலையில் மூன்றைத் தட்டி, சாய்கோடு தட்டி, நாலைத் தட்டினேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, கணக்கு டீச்சர் மாதிரி கோடு போட்டுகினு கீற. முக்கால் பாட்டா பாடப் போறோம்? மூணு மேல, நாலு கீழ. நடுவுல ஒண்ணும் வேணாம்."

சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி ஊதிக் காய வைத்தேன். பிறகு தாளைச் சுற்றும் உருளையை அரை வரி கீழே திருப்பி மூன்றைத் தட்டி, ஓர் இடம் பின்னால் வந்து, அரை வரி மேலே திருப்பி நாலைத் தட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் நின்றன. ஆறு பாட்டுக்கும் அப்படியே செய்தேன். சாயங்காலம் சைக்ளோஸ்டைல் தாள்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு நீ ஒரு தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். எனக்கு ஹையர் பாஸ் செய்த அன்று கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அதற்கப்புறம் கல்யாணம், வீடு, வேலை. நம் ஊரைச் சுற்றி ஒவ்வொரு தொழிற்சாலையாக வந்தது. எனக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இடம் கிடைத்தது. உனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீன். ஷிஃப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நீ பாட்டு கட்டினாய். கேன்டீன் மேஸ்திரி, "இன்னா, வாய்லயே முணுமுணுத்துகினு கீற" என்று கேட்டால், சாம்பாருக்கு உப்பு போட்டதை எண்ணுகிறேன் என்று சொல்லிவிடுவாயாம்.

தூளிப் பாட்டு அதற்கெல்லாம் முன்னால் வந்தது. உன் மகள் பிறந்து, பதினோரு மாசம் இருந்து, ஒரு காய்ச்சலில் போனாளே, அவளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே கட்டியது. நான் பார்க்க வந்திருந்தபோது தூளியைக் காட்டிச் சொன்னாய்: "பாத்துக்கோ. போறப்ப ஒண்ணு, அங்க நிக்கிறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. இது மூணாதான் ஆடுது. பாட்ட நான் எங்க கட்டறேன், இவ கட்டறா." அவள் போன பிறகு அந்தப் பாட்டை நீ வருஷத்துக்கு ஒரு முறை மட்டும், கல்லறைத் திருநாளன்று, தனியாகப் பாடுவாய். அப்போது யாரும் உன் பக்கத்தில் வர மாட்டோம்.

மொத்தம் நாற்பத்திரண்டு பாட்டு, ஒரே நோட்டில், மை பேனாவில். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் கொஞ்சம் தட்டினேன். கம்ப்யூட்டரில் மூன்று, சாய்கோடு, நாலு என்று தட்டி இடம் விட்டதும் அது தானாகவே முக்கால் என்கிற குட்டிப் பின்னமாக மாறிவிட்டது. தலையில் ஆறும் எட்டும் உள்ள பாட்டைத் தொடவில்லை, மூன்றும் நாலும் வந்தால் மட்டும் பிடித்துக்கொண்டது. உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதுவும் உன்ன மாதிரி கணக்கு டீச்சர்தான்" என்று நீ சிரித்தது இன்னும் கேட்கிறது.

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ஒரு இசை எழுத்துரு ஏற்றித் தந்தார். அதில் அடித்தால் எண்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, கோடு இல்லாமல், பருமனாக, அழகாக நின்றன. உருளையை அரை வரி திருப்பிய கை அது, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். நாற்பத்திரண்டு பாட்டுக்கும் வைத்துவிட்டு நோட்டை உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மழையில் உன் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நோட்டு ஊறி, பக்கமெல்லாம் நீலமாகக் கலங்கிப் போனது. நான் பதறினேன். நீ பதறவில்லை. "உன் கம்ப்யூட்டர்ல கீதே, அது போதும்" என்றாய்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகுதான் புத்தகமாகப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம் வந்தது. சபையின் அறுப்பின் பண்டிகைக்குள் வந்துவிட வேண்டும் என்று போதகர் சொன்னார். அலுவலகத்தில் என் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருந்தார்கள். பென் டிரைவில் இருந்த ஒரே கோப்பைத் தாம்பரம் அச்சகத்துக்குக் கொண்டு போனேன். அங்கே திறந்தால் எண் இருந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். அந்த எழுத்துரு அவர்களிடம் இல்லை. ஆபரேட்டர் அம்மா, "இந்த எடத்துல இன்னா போடணும் மேடம்? இன்னிக்கே ஏத்துனாத்தான் பண்டிகைக்கு வரும்" என்றார்.

எழுத்துருவைத் தேடி எடுத்து வர ஒரு நாள் ஆகும். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் பஸ் வந்துவிடும். நான் சொன்னேன்: "இப்போதைக்கு எல்லாத்துக்கும் நாலு நாலு போடுங்க. புரூஃப்ல பாத்து மாத்திக்கலாம்."

அவர் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றி, அதே கோப்பில் சேமித்தார். நாற்பத்திரண்டில் பதினாறு பாட்டுதான் நாலு நாலு என்பது எனக்குத் தெரியும். அதிலும், நடுவில் சாய்கோடு. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

புரூஃப் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒற்று விட்டுப்போனது, றகர ரகரம், முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் பிடித்தேன். தட்டச்சுக்காரியின் கண் எழுத்துப் பிழையைத்தான் தேடும். பாட்டின் தலையை அது ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் பிரதியை உன் கட்டிலுக்கு நான்தான் கொண்டு வந்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தாய். உன் பெயரைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு பக்கங்களைப் புரட்டினாய், நின்றாய், பின்னால் போனாய், மறுபடி முன்னால் வந்தாய். எனக்கு அந்த நொடியில்தான் அச்சக மேசை ஞாபகம் வந்தது.

"எல்லாமே நாலாவா கீது?" என்றாய். இன்னொரு பக்கத்தைப் புரட்டி, "தூளிப் பாட்டு கூடவா?" என்று கேட்டாய்.

நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ என்னைச் சமாதானப்படுத்தினாய். "சரி வுடு. பென்சில் எடு, ஒவ்வொண்ணா சொல்றேன், குறிச்சிக்கோ" என்றாய்.

என் பையில் பென்சில் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பையில் பென்சில் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் இருபத்தாறு முறை நீ சொல்ல, இருபத்தாறு முறை என் தப்பை நானே எழுத வேண்டும் என்று நினைத்ததும் உடம்பு கூசியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அந்த ஞாயிறு கூடுதல் வேலை, ஓ.டி. என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். எங்கள் பிரிவில் அந்த மாசம் ஓ.டி.யே இல்லை. மூன்றாவது ஞாயிறு வந்தபோது நீ கண்ணைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டாய்.

இதற்குள் பண்டிகையில் வாங்கிப்போன பிரதிகள் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் போய்விட்டிருந்தன. உன் அடக்கத்துக்கு ஒரகடத்திலிருந்து ஒரு பாடகர் குழு வந்தது. உனக்கு மரியாதை செய்ய நினைத்துத் தூளிப் பாட்டையே எடுத்தார்கள். கீபோர்டு வாசித்தவர் புத்தகத்தைப் பார்த்தார், தலையில் இருந்த எண்ணைப் பார்த்தார், தாளப் பொத்தானை அழுத்தினார். டம் டம் டம் டம் என்று அது கிளம்பியது. மூன்று தட்டில் அடங்கி வர வேண்டிய வரியை நாலாவது தட்டு வரைக்கும் இழுத்தார்கள். ஊர்வலத்துக்கு நடக்கிற நடை. உன்னை அந்த நடையில்தான் தூக்கிப் போனார்கள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள், பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். உன் கணவர் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா இதெல்லாம் அழிஞ்சே போயிருக்கும்" என்று நன்றி சொன்னார். நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாசம் கழித்து அந்த கீபோர்டுக்காரரைத் தேடிப் போய், அது நாலு இல்லை, மூணு என்றேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "புக்குல அப்டிதான ஆன்ட்டி போட்டு கீது. இப்ப எல்லா சபையிலயும் இப்டியே பழகிட்டாங்க. சரி, நீங்க மூணுல ஒரு தபா பாடிக் காட்டுங்க, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நிஜமாகவே பாட வராது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

போன மாசம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை எழுதும் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். தூளிப் பாட்டையாவது ஐந்து கோட்டில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நீளம் குறித்து, யாரும் இனிமேல் மாற்ற முடியாதபடி எழுதி வைத்துவிட வேண்டும் என்று. புதுத் தாள் திறந்ததும் அது முதலில் கேட்டதே தலை எண்ணைத்தான். நாலு நாலைத் தானே போட்டு வைத்திருந்தது. அழித்துவிட்டு மூன்றும் நாலும் கொடுத்தேன். கோடில்லாமல், கோணாமல், நீ கேட்ட மாதிரியே நின்றது.

பிறகு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடினேன். ஸ்வரம் எல்லாம் சரியாக வந்தது, நடை நாலில் வந்தது. நிறுத்திவிட்டு, தொடையில் மூன்று தட்டிக்கொண்டு பாடினேன். முதல் வரியின் பாதியிலேயே கை நாலுக்குப் போய்விட்டது. பழைய சேலையை உத்தரத்தில் கட்டி ஆட்டிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. துணி மூன்றாகத்தான் ஆடியது. வாய் அதோடு போகவில்லை. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலில் கேட்டுக் கேட்டு, உன் குரலில் நான் கேட்டது எல்லாம் அடியோடு போய்விட்டது. எந்த எழுத்தில் நின்றாய், எதை விட்டு ஓடினாய், ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளைச் சேமித்து வைத்திருக்கிறேன். தலையில் மூன்றும் நாலும் இருக்கின்றன. அதன் கீழே பாட்டு இல்லை.

இப்படிக்கு,
உன் தட்டச்சுக்காரி