அவசரப்பட்டுக் கட்டிய பேனர்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மகள் கார்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்கலாம் என்றால் நீ எடுத்தால்தானே, அதனால்தான் இந்தக் கடுதாசி. தீபாவளிக்கு வரவில்லை, படிக்க நிறைய இருக்கிறது என்று போபாலில் இருந்து ஒரு வரி மெசேஜ் போட்டாயே, அடி கழுதை, அது பொய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

உன் சிநேகிதி சுடர்விழி நேற்று வந்திருந்தாள். துருவித் துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளிடம் சண்டைக்குப் போகாதே. போன மழையில் மூலக்குளம் பக்கத்துக் குட்டையில் நீ பதிவு செய்த தவளைச் சத்தத்தைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாய். வந்து சேர்ந்தது என்று அவர்கள் நம்பர் போட்டு மெயில் அனுப்பியதும், வெளியாகிவிட்டது என்று நினைத்து இங்கே போன் போட்டுக் குதித்தாய். உன் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும், டெம்போ ஸ்டாண்டு தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு போய், ‘ஆராய்ச்சி உலகை அதிரவைத்த எங்கள் வீட்டுச் சிங்கமே’ என்று உன் பிளஸ் டூ போட்டோவோடு பேனர் அடித்து வீட்டு முகப்பில் கட்டிவிட்டார். இப்போது திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அந்தப் பேனரைத் தாண்டி எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவேன் என்று அவளிடம் அழுதாயாம். “எங்களுக்கும் இதெல்லாம் தெரியாது அத்தை, மெயில் வந்தாலே அச்சாயிடுச்சுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தோம், காலேஜ்ல யாரு சொல்லித் தர்றாங்க” என்று அவளே சொல்கிறாள். அப்புறம் உனக்கு மட்டும் என்ன வெட்கம்?

பெயர்கூடச் சொல்லாத யாரோ இரண்டு பேர் அந்தப் பத்திரிகைக்காக நீ எழுதியதை வரி வரியாகப் படித்துப் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்களாமே. நாங்கள் உன் போட்டோவைத்தான் பெரிதாகப் போட்டோம், ஒரு வரி படிக்கவில்லை. அந்த முகம் தெரியாதவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறதடி. ஒரு மழைக்காலத்துச் சத்தம் போதாது, இன்னொரு மழையிலும் பதிவு செய் என்று எழுதியிருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடினார். திரும்பி வந்து போட்டுக் காட்டினால் முழுக்க அவர் இருமலும், “தே, கம்முனு கெட” என்று நாயை அதட்டுவதும்தான் கேட்கிறது. அதை உனக்கு அனுப்பாமல் நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

நீ போனதில் இருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டு பேருக்கு எவ்வளவு குழம்பு என்று என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஊருக்கு வரப் பயந்தால் பயப்படாதே, பேனரை அவிழ்த்தாயிற்று. அப்பாவே அவிழ்த்துக்கொண்டு வந்து, மழை ஒழுகாமல் இருக்கத் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே கட்டிவிட்டார், உன் முகம் உள்பக்கமாக. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. துவைத்துக்கொண்டே நான் அண்ணாந்தால் மட்டும் நீ சிரிக்கிறாய். சாப்பிட்டாயா என்று தினமும் அந்தப் படத்திடம்தான் கேட்கிறேன்.

முருகன் துணையிருப்பான், நீ குறையில்லாமல் இருக்க வேண்டும். குளிரில் தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. இங்கே மழை பிடித்துக்கொண்டது, குட்டையில் தவளை கத்துகிறது. உன் கட்டுரைக்காகவாவது வந்துவிடு.

இப்படிக்கு,
உன் குரல் கேட்கக் காத்திருக்கும் அம்மா,
செல்வாம்பாள்